அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே கடைசி எழுத்து

கேள்வி: எங்கள் ஊர் கள்ளக்குறிச்சி. என் கணவர் குடும்பத்துக்குச் சொந்த ஊர் கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம். மூத்த மகள் யாழினிக்கு நான்கு வயது. போன மாதம் இரண்டாவதும் பெண் குழந்தை பிறந்தது. அக்கா பெயர் மாதிரியே இதுவும் ‘னி’யில் முடியட்டும் என்று வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள். ரோகிணி நட்சத்திரம் என்பதால் ஓ, வ, வி, வு இவற்றில் ஒன்றில் தொடங்கவேண்டும் என்று ஜோசியர் எழுதிக் கொடுத்தார். முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் சேர்ந்து வரும்படி தேடியதில் வினோதினி, வாகினி, வன்ஷினி என்று மூன்று பெயர்கள் கிடைத்தன. வன்ஷினி என்றால் ‘வம்சத்தை விளங்க வைப்பவள்’ என்று ஒரு பட்டியலில் போட்டிருந்தது. நாத்தனாருக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மாமியாருக்கோ தன் மாமியாருடைய பெயரான பொன்னியை வைக்க ஆசை. ‘அரிசி மூட்டைப் பேரு’ என்று எல்லோருமாகச் சேர்ந்து அதைத் தட்டிவிட்டோம். இந்தப் பெயர்களின் மூலமும் பொருளும் என்ன? அக்கா தங்கைக்கு ஒரே எழுத்தில் முடியும்படி வைப்பது நல்லதுதானா?

— வாசகி, கள்ளக்குறிச்சி

பதில்: நல்லதுதான். உங்கள் மாவட்டத்துக்கு அது புதிதும் அல்ல. தமிழ்நாடு முழுவதும் அறிந்த ஓர் அக்கா தங்கை இணை திருக்கோவிலூரோடு சேர்த்துத்தான் பேசப்படுகிறது: அங்கவை, சங்கவை. பறம்பு மலையை ஆண்ட பாரி இறந்த பிறகு, அவருடைய பெண்மக்கள் இருவரையும் புலவர் கபிலர் தம் பொறுப்பில் அழைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கடைசியில் மலையமான் நாட்டுத் திருக்கோவலூரில், இன்றைய திருக்கோவிலூரில், கபிலர் உயிர்விட்டார் என்பது மரபு. பெண்ணையாற்றின் நடுவே நிற்கும் பாறையை இன்றும் கபிலர் குன்று என்றுதான் சொல்கிறார்கள். கபிலர் பாரி மகளை மலையனுக்குக் கொடுத்த செய்தி, அங்குள்ள வீரட்டானேசுவரர் கோயிலில் முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்றில் பதிவாகியிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. புறநானூற்றின் 112ஆம் பாட்டைப் பாடியவர்கள் ‘பாரி மகளிர்’ என்று மட்டுமே குறிக்கப்படுகிறார்கள். அங்கவை, சங்கவை என்ற பெயர்களைத் தந்தது பின்னால் வந்த மரபு. அதாவது, பெயர் தெரியாத இரண்டு சகோதரிகளுக்குப் பெயர் சொல்ல நினைத்தபோது, ஒரே முடிவு உள்ள இரண்டு பெயர்கள்தாம் நம்மவர்களுக்குப் பொருத்தமாகப் பட்டிருக்கின்றன. முதலில் உள்ள ‘ச்’ ஒன்றுதான் இரண்டுக்கும் வித்தியாசம். ‘வை’ என்ற அந்த முடிவு ஔவையிலும் இருக்கிறது, குந்தவையிலும் இருக்கிறது. குந்தவைக்கும் உங்கள் பக்கத்து உறவு உண்டு: அவருடைய தாய் வானவன்மாதேவி திருக்கோவலூர் மலையமான் குலத்துப் பெண்.

மலைமேலும் இப்படி ஒரே முடிவுள்ள உடன்பிறப்புப் பெயர்கள் இருக்கின்றன. அங்கு வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்களின் வழியினர் என்ற கதையை உங்கள் கணவர் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்பவை அந்த மூவரின் பெயர்கள். சேர்வராயன் மலையார் பெரியண்ணன் வழி, பச்சைமலையார் நடுவண்ணன் வழி, கொல்லிமலையார் சின்னண்ணன் வழி என்று 1909இல் வந்த தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் நூலும் எழுதி வைத்திருக்கிறது. உடன்பிறப்பு என்பதைப் பெயரின் பின்பாதி சொல்கிறது, அவரவர் யார் என்பதை முன்பாதி சொல்கிறது. கல்வராயன் மலையே பெரிய கல்வராயன், சின்ன கல்வராயன் என்றுதானே இருக்கிறது!

ஆகவே உங்கள் வீட்டார் கேட்பதில் தவறில்லை. எதை ஒத்துப்போகச் செய்வது, எதை வேறாக வைப்பது என்பதில்தான் யோசனை வேண்டும். அதற்குத் தமிழில் பெயரின் கடைசி எழுத்துக்கு என்ன வேலை என்று தெரிந்துகொள்வது உதவும்.

முதல் வேலை, ஆணா பெண்ணா என்று காட்டுவது. ‘ன்’ வந்தால் ஆண், ‘ள்’ வந்தால் பெண், ‘ர்’ வந்தால் மரியாதை. கண்ணன், ஆண்டாள், ஔவையார். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஆண்குழந்தைகளுக்கு ‘ன்’ ஒலியில் முடியும் பெயர்கள் மிகவும் பெருகி, எய்டன், ஜேடன், மேசன் என்று மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டன. அங்கே அது ஒரு காலத்து விருப்பம். நம்மிடம் ‘ன்’ இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆண்பால் அடையாளமாகவே இருந்துவருகிறது.

சொல்லின் முடிவுக்கு இன்னொரு விதியும் உண்டு: க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்களில் தமிழ்ச்சொல் முடிவதில்லை. கார்த்திக், வினோத், ரமேஷ், ஆகாஷ் எல்லாம் தமிழுக்குள் முழுதாக வந்தபோது கார்த்திகேயன், வினோதன், ரமேசன், ஆகாசம் என்று ஒரு வாலைச் சேர்த்துக்கொண்டன. இந்த ‘ஷ்’ பெயர்களில் முடிவை மட்டும் பார்த்துப் பொருள் சொல்லவும் முடியாது. தினேஷ் என்பது தினம் + ஈசன், பகலுக்குத் தலைவனாகிய சூரியன். சுரேஷ், சுரர்களாகிய தேவர்களின் தலைவன். ரமேஷ், ரமாவாகிய லட்சுமியின் நாயகன். கிரீஷ், மலைக்கு அதிபதி. இவை எல்லாவற்றிலும் முடிவில் நிற்பவன் ஈசன். ஆகாஷிலோ பிரகாஷிலோ ஈசன் இல்லை. ஒன்று வானம், மற்றது ஒளி. அவினாஷ் என்பது அ + விநாசம், அழிவில்லாதவன். எழுத்து ஒன்று, பிறப்பு வேறு வேறு.

கடைசி எழுத்துக்கு இரண்டாவது வேலை ஒன்று உண்டு. உங்கள் கேள்விக்கு அதுதான் முக்கியம். தமிழில் ஒருவரைக் கூப்பிடும்போது மாறுவதும் நீளுவதும் பெயரின் கடைசி எழுத்து. தொல்காப்பியம் இதற்கென்று விளிமரபு என்று ஓர் இயலே வைத்திருக்கிறது. இகரத்தில் முடிந்தால் ஈகாரமாக நீளும்: நம்பி, நம்பீ. ஐகாரத்தில் முடிந்தால் ‘ஆய்’ ஆகும்: நங்கை, நங்காய். கண்ணன் கண்ணா ஆவான். நீங்களும் நாளெல்லாம் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். தெருமுனையில் விளையாடும் மூத்தவளை வாசலில் நின்று கூப்பிடும்போது ‘யாழினீ’ என்று ‘னீ’யில்தானே குரலை இழுக்கிறீர்கள்? காற்றில் தூரம் போவது அந்த ‘னீ’ மட்டும்தான். ‘யா’வும் ‘ழி’யும் பாதி வழியிலேயே கரைந்துவிடும். நாளைக்குச் சின்னவள் பெயர் வாகினி என்றால் ‘வாகினீ’ என்பதும் அதே அளவு, அதே இழுப்பு. முதலில் ஆகாரம், நடுவில் இகரம், கடைசியில் ஈகாரம். யாரைக் கூப்பிட்டாலும் இரண்டு பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

உங்கள் பகுதியில் நாற்பது ஐம்பது வயதைத் தாண்டியவர்களைக் கேளுங்கள். தமிழ்ச்செல்வி, கலைச்செல்வி, அருட்செல்வி என்று அக்கா தங்கைகளுக்குப் பெயர் வைத்த வீடுகள் எத்தனையோ. தமிழ்ப்பற்றும் திராவிட இயக்கமும் ஊர் ஊராகப் போன காலத்துப் பெயர்கள் அவை. கயல்விழி–மலர்விழி, தேன்மொழி–கனிமொழி, இளங்கோவன்–செங்குட்டுவன் என்று ஆசையோடு வைத்தார்கள். கேட்கவே நிறைவாக இருக்கும். வீட்டுக்குள் மட்டும் ஒரு சிக்கல்: பெயரைச் சுருக்கினால் மூவரும் செல்விதான். மகேஸ்வரி, ராஜேஸ்வரி, புவனேஸ்வரி இருந்த வீட்டில் மூவரும் ஈஸ்வரிதான். நடுப்பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வழியில்லாமல் ‘சின்னது’, ‘பாப்பா’ என்று வேறொரு பெயர் ஒட்டிக்கொண்டு, அதுவே கல்யாணப் பத்திரிகை வரை வந்துவிடும். ஆசையாக வைத்த பெயர் பள்ளிப் பதிவேட்டோடு நின்றுபோகும். இது எனக்கு வருத்தம் தரும் விஷயம். பெயர் என்பது வாயில் புழங்குவதற்காக வைப்பது.

இனி, ‘இனி’ என்ற முடிவைப் பார்ப்போம். பத்மினி, நளினி, மாலினி, யாமினி, நந்தினி ஆகியவை வடமொழியிலிருந்து வந்தவை. அங்கே ‘உடையவள்’ என்ற பொருளில் வரும் பெண்பால் முடிவு இது. மாலை அணிந்தவள் மாலினி. தாமரைக்கொடி அல்லது தாமரைக்குளம் நளினியும் பத்மினியும். யாமினி இரவு. நந்தினி மகிழ்ச்சி தருபவள். வசிட்டரிடம் இருந்த பசுவின் பெயரும் அதுதான். இதே முடிவு சில பெயர்களில் ‘ணி’ ஆகும். சொல்லின் முன்பகுதியில் ‘ர’ வந்தால் பின்னால் வரும் ‘ன’வைப் பல இடங்களில் அது ‘ண’ ஆக்கிவிடும் என்பது வடமொழி விதி. ரோகிணி, ருக்மிணி, ஹரிணி, தாரிணி எல்லாம் அதனால்தான் மூன்றுசுழி. பெயர்ப் பட்டியல்களில் ‘னி’ வரிசையிலேயே ஹரினி, தாரினி என்று போட்டுவிடுகிறார்கள். பார்க்க யாழினியோடு ஒத்துப்போகும், ஆனால் எழுத்து பிழை. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியர் முதல் நாளே சுழித்துவிடுவார்.

யாழினி, தமிழினி, மகிழினி போன்றவை அண்மைக் காலத்தில் நம்மவர்கள் ஆக்கிய பெயர்கள். யாழ், தமிழ், மகிழ் என்ற தமிழ் வேர்களை எடுத்துக்கொண்டு, காதுக்குப் பழகிய ‘இனி’யைச் சேர்த்தார்கள். இனிமையிலிருந்து வந்த ‘இனி’ என்று பெற்றோர் பொருள் சொல்வதும் உண்டு. யாழ் போல் இனியவள் என்றால் யாரும் மறுக்கப்போவதில்லை. யாழ்ப்பாணத்தாரிடம் இந்த ‘இனி’ அண்ணன் பெயரைத் தங்கைக்குக் கொண்டுபோகும் வழியாகவும் இருக்கிறது: அண்ணன் பிரியதர்சன், தங்கை பிரியதர்சினி. இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். எழினி என்ற பெயர் இப்போது பெண்குழந்தைக்கு வைக்கப்படுகிறது. சங்க காலத்தில் அது தகடூர் அதியமான் குடியில் வந்த ஆண்களின் பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. அந்தக் காலத்து வள்ளல்கள் பாரி, காரி, ஓரி, நள்ளி எல்லோருமே இகரத்தில் முடியும் ஆண்கள். காரி உங்கள் திருக்கோவலூர் மலையமான், ஓரி கொல்லிமலை மன்னன். போரில் காரி கையால் ஓரி இறந்தான். காரியின் குதிரைக்குக் காரி என்றும் ஓரியின் குதிரைக்கு ஓரி என்றுமே பெயர். எல்லா எழுத்துகளும் எக்காலத்துக்கும் ஆணுக்கோ பெண்ணுக்கோ மட்டும் உரியவையாக இருப்பதில்லை. வேரைப் பிடித்துக்கொண்டால் பெயர் எந்தக் காலத்திலும் நிற்கும்.

உங்கள் மூன்று பெயர்களையும் அந்தக் கண்ணால் பாருங்கள். வினோதினிக்கு வேர் இருக்கிறது. விநோதம் என்றால் பொழுதுபோக்கு, களிப்பு, வினோதினி களிப்பூட்டுபவள். வாகினிக்கும் இருக்கிறது. சுமந்து செல்வது, ஓடுவது என்ற பொருளில் ஆற்றுக்கும் படைக்கும் அந்தச் சொல் வழங்கியது. வன்ஷினியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வம்சம் என்ற சொல் உண்டு. அதன் முதற்பொருள் மூங்கில். அதிலிருந்து வந்த வம்சி என்பது புல்லாங்குழல். ‘வம்சத்தை விளங்க வைப்பவள்’ என்பது முதலில் ஓசையைக் கோத்துவிட்டு அப்புறம் அதற்காகத் தேடிய பொருள். இப்படிச் செய்த பெயர்கள் பட்டியல்களில் நிறைய இருக்கின்றன. எழுத்தைக் கொடுத்தால் பெயரும் வரும், பெயரோடு ஒரு பொருளும் வரும். பிள்ளை வளர்ந்து ‘என் பேருக்கு என்னம்மா அர்த்தம்?’ என்று கேட்கும் நாளில் அந்தப் பொருளை நம்பிச் சொல்ல முடியாது. நாத்தனாருக்கு மனம் நோகாமல் நீங்கள் இதை எடுத்துச் சொல்லலாம்: புல்லாங்குழல்தான் பிடித்தது என்றால் குழலி என்று நேரே வைக்கலாமே. யாழுக்குப் பக்கத்தில் குழல்; அக்காவும் தங்கையும் சேர்ந்து இசையாக இருப்பார்கள். கடைசி எழுத்து ‘லி’ ஆனாலும் இகர ஓசை ஒன்றுதான்.

‘வ’வில் தொடங்கி ‘னி’யில் முடியும் பெயர் ஒன்று உங்கள் தேடலில் அகப்படவில்லை. வானி. பதிற்றுப்பத்தில் வரும் ஓர் ஆற்றின் பெயர் அது; இன்றைய பவானிதான் அந்த வானி என்பது அறிஞர் பலரின் கருத்து. இரண்டே எழுத்து. கூப்பிட்டால் ‘வானீ’ என்று வெட்டென்று நிற்கும், ‘யாழினீ’யோடு குழம்பாது. கலைமகள் பெயரான வாணி வேறு, இது வேறு என்று மட்டும் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கும்.

‘னி’யை விட்டு இகரம் மட்டும் போதும் என்றால் இன்னும் வழி திறக்கிறது. வள்ளி இருக்கிறாள், மலையில் வேர்விட்ட குடும்பத்துக்கு மலைக்குறவர் மகளின் பெயரைவிடப் பொருத்தமாக வேறென்ன வேண்டும்? வஞ்சி, வளர்மதி, வான்மதி எல்லாம் இருக்கின்றன. விறலி என்பது பாணரோடு ஆடிப் பாடிய பெண்ணின் பெயர். யாழ் மீட்டியவர்களோடு கூடவே நடந்தவள் அவள். யாழினிக்கு இதைவிட நெருங்கிய தங்கை கிடைப்பது அரிது. எழுத்தை விட்டுக்கொடுத்தால் கல்வராயன் மலையில் பிறந்து கச்சிராயபாளையம் பக்கம் இறங்கி வரும் கோமுகியும் இருக்கிறாள். சிவன் கோயில்களில் அபிடேக நீர் வெளியே விழும் வாய்க்கும் கோமுகி என்றுதான் பெயர்.

இப்போது உங்கள் மாமியார் சொன்ன பெயருக்கு வருகிறேன். கடைசி எழுத்து ‘னி’யாக இருக்க வேண்டும் என்று வீடே தேடிக்கொண்டிருக்கும்போது, ‘னி’யில் முடியும் பெயரைத்தான் அவர் சொல்லியிருக்கிறார். பொன்னி! வேர் பொன். காவிரியின் பெயர் அது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ என்ற தலைப்பில் இருக்கும் பொன்னியும் அவள்தான். அரிசி பின்னால் வந்தது. ஆற்றின் பெயரை நெல்லுக்கு வைத்தார்கள். நந்தினியும் வானதியும் சினிமாத் திரையிலிருந்து நம் வீடுகளுக்கு வரும்போது, அந்தக் கதைக்கே பெயர் கொடுத்தவளை அரிசி மூட்டையைக் காட்டி ஒதுக்குவது சரியாகப் படவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் மாமியார் தன் மாமியாரின் பெயரைக் கேட்கிறார். மலைக்கு ஒழுங்கான சாலை வராத காலத்தில் அந்த அம்மாள் எத்தனை பிரசவம் பார்த்தாரோ, எத்தனை மூட்டை கடுக்காய் சுமந்து கீழே இறங்கினாரோ. அவரை நினைத்துக்கொள்ள ஒரு பெண் ஆசைப்படுகிறார். மாமியார் பெயரை மருமகள் வாயால் சொல்லாத வழக்கம் இருந்த தலைமுறை அவர்களுடையது. பேத்திக்கு அந்தப் பெயரை வைத்தால் ஆயுள் முழுக்க அடக்கி வைத்திருந்த பெயரை உங்கள் மாமியார் வாய்நிறையக் கூப்பிடலாம். இதைவிட நல்ல காரணம் எந்தப் பட்டியலிலும் கிடைக்காது.

ஓசையும் கூடி வருகிறது. யாழினி, பொன்னி. ஒன்று மூன்று எழுத்தாக ஓடுகிறது, மற்றது நடுவில் ‘ன்’ என்று அழுத்தி நிற்கிறது. கடைசி எழுத்து ஒன்றாக இருந்தும் வாசலிலிருந்து கூப்பிடும்போது இரண்டும் தனித்தனியாகக் கேட்கும். நீங்களே ஒருமுறை உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள்.

ரோகிணிக்கு ‘பொ’ வராதே என்பீர்கள். நட்சத்திர எழுத்து என்பது 27 நட்சத்திரங்களுக்கும் நான்கு பாதம் வீதம் 108 எழுத்துகளைப் பங்கிட்டு வைத்த வடமொழி முறை. அதில் ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ வரும். டகரத்தில் தமிழ்ச்சொல் எதுவும் தொடங்குவதில்லை. அந்த நட்சத்திரத்தில் பிறந்த தமிழ்ப்பிள்ளைகளுக்கு வேறு எழுத்தில்தான் பெயர் வைத்து வந்திருக்கிறார்கள். வழக்கத்தை விட மனமில்லை என்றால் பெயர் சூட்டும் அன்று குழந்தையின் காதில் வானி என்றோ வள்ளி என்றோ நட்சத்திரப் பெயரைச் சொல்லிவிட்டு, கூப்பிடும் பெயராகப் பொன்னியை வைத்துக்கொள்ளுங்கள். இப்படி இரண்டு பெயர் வைப்பது பல வீடுகளில் உள்ளதுதான். ஜோசியரும் மறுக்க மாட்டார்.

அவசரப்படவும் வேண்டாம். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்திருப்பீர்கள். பெயர் இல்லாமல் பதிந்திருந்தால், பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி இருக்கிறது. சேர்க்கும்போது தமிழில் ‘பொன்னி’ என்று உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள். ஆங்கில எழுத்தில் இரண்டு ‘என்’ போடச் சொல்லுங்கள். மூத்தவள் சான்றிதழையும் கையோடு எடுத்துப் போய், அப்பா பெயரும் முதலெழுத்தும் இரண்டிலும் ஒரே மாதிரி இருக்கின்றனவா என்று அங்கேயே சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிற்பாடு பள்ளியிலும் ஆதாரிலும் அலைய வைப்பது பெரும்பாலும் அந்த இடம்தான்.